நந்தி மலையடியிலிருந்து முகளூர் வரை: ஏரிச் சேற்றில் மருந்து தேடி

திங்கள், தேவனஹள்ளி

ஓசூர்க்காரர்களின் கெலவரப்பள்ளி அணைக்கு வரும் தென்பெண்ணை, நந்தி மலையில் பிறக்கும்போது தட்சிண பினாகினி. ஹொசகோட்டே ஏரியில் நுழைந்து வெளியேறி, பெங்களூரின் கிழக்கு விளிம்பில் வர்த்தூர்ப் பக்கத்துச் சாக்கடையையும் சேர்த்துக்கொண்டு, பாகலூர் அருகே தமிழ்நாட்டுக்குள் வருகிறது. இந்த வாரம் அந்த வழியிலேயே மேலிருந்து கீழே. நுரையும் குப்பையும் தேடாமலே கண்ணில் படும். வயலில் அடித்த மருந்து ஏரிக்குள் எந்த வழியாக வருகிறது, வந்தபின் எங்கே ஒளிந்துகொள்கிறது, எப்படிப் பிடிப்பது என்பதை மட்டும் இங்கே எழுதுகிறோம்.

தேவனஹள்ளி, தொட்டபள்ளாபுரம், சிக்கபள்ளாபுரம் மூன்றும் ‘பெங்களூர் புளூ’ திராட்சையின் ஊர்கள். பந்தல்களுக்கு நடுவே ரோஜா பாலிஹவுஸ்கள், மிச்ச இடத்தில் கேழ்வரகு. கேழ்வரகுக்கு யாரும் பெரிதாக மருந்து அடிப்பதில்லை. எந்த ஏரியை ஆராயப் போகிறீர்களோ, அதன் நீர்ப்பிடிப்பில் பந்தல் எத்தனை ஏக்கர், பாலிஹவுஸ் எத்தனை, கேழ்வரகு எத்தனை என்று சாட்டிலைட் படத்தில் முதலில் எண்ணிக்கொள்ளுங்கள். ஆய்வுக்கூடத்தில் எந்தெந்த மருந்தைத் தேடச் சொல்வது என்பது அதிலேயே பாதி தெரிந்துவிடும். மீதி பாதி மருந்துக் கடையில். சீசனில் எது ஓடுகிறது என்று கேட்டால் கடைக்காரர் சொல்லிவிடுவார்.

கடையில் இன்னொன்றையும் பாருங்கள். டப்பா மீதுள்ள முக்கோணம் சிவப்பு, மஞ்சள், நீலம், பச்சை என்று நான்கு நிறத்தில் வரும். 1971ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லி விதிகளின்படி, எலிக்கு வாய்வழி கொடுத்தால் கிலோ எடைக்கு எத்தனை மில்லிகிராமில் பாதி எலிகள் சாகும் என்ற கணக்கு அது: 50 வரை சிவப்பு, 500 வரை மஞ்சள், 5000 வரை நீலம், அதற்கு மேல் பச்சை. மனிதனுக்கு எச்சரிக்கை, அவ்வளவே. குளோரன்ட்ரனிலிப்ரோல் என்ற பூச்சிக்கொல்லி பச்சை முக்கோணத்தில் வருகிறது. ஏரி நீரில் வாழும் நுண்ணிய உயிரான நீர்த்தெள்ளு முடங்கவோ லிட்டருக்குப் பத்துப் பன்னிரண்டு மைக்ரோகிராம் போதும். பச்சையைப் பார்த்து ‘இது ஒன்றும் செய்யாது’ என்று குளத்தோரம் கேனைக் கழுவுகிறவர்கள் நிறைய.

பந்தல் ஓரம் 200 லிட்டர் நீல பேரல், பக்கத்தில் மோட்டார் பம்பு, அதற்குப் பக்கத்தில் பிளாஸ்டிக் விரித்த பண்ணைக் குட்டை. இங்கே கிருஷி ஹொண்டா என்கிறார்கள். தண்ணீர் இருக்கும் இடத்தில் மருந்து கலப்பது இயல்புதான். ஆபத்தும் அங்கேதான். ஒரு கணக்குப் போடுவோம்.

குளோர்பைரிபாஸ் 20 ஈ.சி. என்பது நீரில் கலக்கும் பூச்சிக்கொல்லித் திரவம்; அதன் ஒரு மில்லியில் 200 மில்லிகிராம் மருந்து. நீர்த்தெள்ளில் பாதியை 48 மணி நேரத்தில் முடக்க லிட்டருக்குச் சுமார் 0.1 மைக்ரோகிராம் போதும். 200 மில்லிகிராமை அந்த அளவுக்கு நீர்க்க வைக்க 20 லட்சம் லிட்டர் தண்ணீர் வேண்டும். ஒரு ஏக்கர் பரப்பில் அரை மீட்டர் ஆழம் நின்றால் ஏறக்குறைய அவ்வளவு. அதாவது ஒரு மில்லி மருந்துக்கு ஒரு ஏக்கர் குட்டை. லிட்டருக்கு 2.5 மில்லி கலந்த பேரலின் அடியில் ஐந்து லிட்டர் மிச்சம் நின்று, அதைக் கால்வாயில் கவிழ்த்தால் பன்னிரண்டரை ஏக்கர். நடைமுறையில் பெரும்பகுதி சேற்றில் ஒட்டிக்கொள்ளும், எல்லாம் சமமாகக் கலக்காது என்பது உண்மைதான். அளவின் மூர்க்கம் புரிய இந்தக் கணக்குப் போதும்.

பின்னிழுப்பு என்று ஒரு கோளாறும் உண்டு. குட்டையிலிருந்து பேரலுக்கு வரும் குழாயின் நுனி மருந்துக் கலவைக்குள் மூழ்கியிருக்கும்போது கரண்ட் போனால், பேரலில் உள்ளது சைபன் போலக் குட்டைக்கோ போர்வெல்லுக்கோ திரும்பிப் போகும். நுனியைப் பேரலின் விளிம்புக்கு ஒரு சாண் மேலே கட்டிவைப்பதும், குழாயில் ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு போடுவதும் தீர்வு. கரண்ட் போய்ப் போய் வரும் ஊரில் இது கட்டாயம்.

திராட்சையின் இன்னொரு பிரச்சினை செம்பு. அடிச்சாம்பல் நோய்க்கு அடிக்கும் ஒரு சத போர்டோ கலவையில் 100 லிட்டருக்கு மயில்துத்தம் ஒரு கிலோ, சுட்ட சுண்ணாம்பு ஒரு கிலோ. மயில்துத்தத்தில் கால் பங்கு செம்பு. ஏக்கருக்கு 400 லிட்டர் என்று வைத்தால் ஒரு முறைக்கு ஒரு கிலோ செம்பு மண்ணில் சேர்கிறது. அது சிதைவதே இல்லை. துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் மெல்ல ஊற்றிக் கலக்கியபின் இரும்புக் கத்தியை நனைத்துப் பாருங்கள். கத்தியில் செந்நிறம் படிந்தால் கட்டுப்படாத செம்பு மிச்சம் இருக்கிறது, இன்னும் சுண்ணாம்பு வேண்டும். மீனுக்கு அதிகம் விஷம் அந்தக் கட்டுப்படாத செம்புதான். இலை கருகாமல் இருக்கச் செய்யும் இந்தச் சோதனை ஏரிக்கும் உதவுகிறது.

செவ்வாய், விஜயபுரா

இன்று குறைவாகவே எழுத இருக்கிறது. விஜயபுராவிலிருந்து சித்லகட்டா வரை மல்பெரித் தோட்டங்கள். பட்டுப்புழு வளர்ப்பவர்கள் கருவியில்லாமல் மருந்தைக் கண்டுபிடிப்பார்கள். பக்கத்துத் தக்காளிக் காட்டில் அடித்தது காற்றில் வந்து இலையில் படிந்தால், இரண்டு மூன்று நாளில் புழு தலையைத் தூக்கி ஆட்டும், பச்சை நீரைக் கக்கும், சுருங்கும். எந்த வரப்பு ஓரத்து இலை என்று அவர்களுக்குத் தெரியும்.

ஏரி ஆய்வுக்கு இது நேரடியாக உதவுகிறது. காற்று மருந்தை எந்தத் திசையில் எவ்வளவு தூரம் கொண்டுபோகிறது என்று இந்த வீடுகளில் கேட்டு வரைபடத்தில் குறித்துக்கொண்டால், ஏரியின் எந்தக் கரையில் தூவானம் விழும் என்று ஊகிக்கலாம். மோட்டார் பம்பில் அழுத்தம் கூட்டி, தேய்ந்த நாசிலை மாற்றாமல், பதினொரு மணிக் காற்றில் அடித்தால் துளிகள் பறக்கும். காலை ஆறிலிருந்து எட்டு வரைதான் இந்தப் பக்கம் காற்று அடங்கியிருக்கும் நேரம். சாதாரண நாசில் ஒரு சீசன் ஓடினாலே துளை அகலமாகிவிடும். ஒரு நிமிடம் வாளியில் பிடித்து அளந்து, புதியதைவிடப் பத்து சதவீதம் கூட ஊற்றினால் தூக்கிப் போட்டுவிடுங்கள்.

புதன், ஹொசகோட்டே ஏரி

கூழைக்கடா, மஞ்சள்மூக்கு நாரை, நாமக்கோழி, முக்குளிப்பான், நத்தை குத்தி நாரை. பறவைகளைப் பார்க்க வருகிறவர்கள் கரையோடு திரும்பிவிடலாம். மாதிரி எடுக்கிறவர்கள் கால் நனைக்க வேண்டும்.

முதலில் ஒரு பழக்கத்தை விடவேண்டும்: மினரல் வாட்டர் பாட்டிலில் ஏரித் தண்ணீரை மொண்டு ஆய்வுக்கூடத்துக்கு அனுப்புவது. சைபர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்ற பைரித்திராய்டுகளும் பழைய குளோரின் மருந்துகளும் தண்ணீரில் கரைவதை அறவே விரும்பாதவை. பிளாஸ்டிக் சுவரில் போய் ஒட்டிக்கொள்ளும். ஆய்வுக்கூடம் தண்ணீரைச் சோதித்து ‘இல்லை’ என்று எழுதும்போது மருந்து பாட்டிலிலேயே இருக்கும். வேண்டியது ஒரு லிட்டர் பழுப்புக் கண்ணாடி பாட்டில், டெஃப்லான் உள்மூடி, முன்கூட்டியே அசிட்டோனிலும் ஹெக்சேனிலும் அலசி உலர்த்தியது. பைரித்திராய்டுகள் கண்ணாடியிலும் கொஞ்சம் ஒட்டும். ஆகவே பாட்டிலைக் காலி செய்தபின் உட்சுவரைக் கரைப்பானால் அலசி அதையும் சேர்க்கும்படி ஆய்வுக்கூடத்துக்கு எழுதிக் கொடுங்கள்.

எடுக்கும் முறை: நீரோட்டத்துக்கு எதிர்முகமாக நின்று, உங்கள் கால் கலக்காத பக்கம், மேற்பரப்பிலிருந்து ஒரு அடி ஆழத்தில் மூடியைத் திறந்து நிரப்பி, உள்ளேயே மூடி எடுக்க வேண்டும். பாட்டிலை ஏரி நீரால் முன்கூட்டி அலசக்கூடாது. அலசினால் மிதக்கும் துகள்களில் உள்ள மருந்து சுவரில் ஏறி அளவைக் கூட்டிக் காட்டும். சுத்தமான ஆய்வக நீர் நிரப்பிய ஒரு பாட்டிலைக் கரைக்குக் கொண்டுவந்து, திறந்து மூடி, மற்றவற்றோடு அனுப்புங்கள். அதில் மருந்து தெரிந்தால் கொசுவர்த்தியோ கையில் பூசிய கொசு கிரீமோ காரணம் என்று புரியும். படகோட்டியின் கையும் கணக்கில் உண்டு.

ஐஸ் பெட்டியில் 4 டிகிரி, இருட்டு. ஏழு நாளுக்குள் பிரித்தெடுத்தாக வேண்டும். சில மருந்துகளுக்கு அதுகூட அதிகம், காரணம் பி.எச்., அதாவது நீரின் அமில-கார அளவு. பச்சைப் பாசி நிறைந்த ஏரியில் காலையில் 7.5 ஆக இருக்கும் பி.எச். பிற்பகலில் ஒன்பதைத் தாண்டுவது சாதாரணம். பாசி கரியமில வாயுவை உறிஞ்சிவிடுகிறது. மாலத்தியான் பி.எச். 9இல் அரை நாளில் பாதியாகிவிடும், 7இல் ஆறு நாள், 5இல் மூன்று மாதத்துக்கும் மேல். மூன்று மணி வெயிலில் எடுத்துப் பெட்டியில் சும்மா வைத்த மாதிரி வழியிலேயே தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும். காலையில் எடுங்கள், எடுத்த கணத்தின் பி.எச்.சைக் குறியுங்கள். இமிடாகுளோபிரிட் என்ற பூச்சிக்கொல்லி வேறு மாதிரி: தெளிந்த நீரில் வெயில் பட்டால் சில மணி நேரத்தில் சிதையத் தொடங்கும். கலங்கல் நீரிலும் ஆகாயத்தாமரையின் நிழலிலும் நிதானமாகத் தங்கும். லிட்டருக்கு 600 மில்லிகிராமுக்கு மேல் கரைவதால் அதைத் தேடவேண்டிய இடம் தண்ணீர்தான்.

கரையாதவற்றுக்குச் சேறு. இந்த ஏரியைப் பற்றி எதையாவது தெரிந்துகொள்ள ஒரே ஒரு மாதிரிக்குத்தான் காசு இருக்கிறது என்றால், தண்ணீரை விட்டுவிட்டுச் சேற்றை எடுங்கள். தண்ணீர் இன்றைய சங்கதி. சேறு சில வருடங்களின் சங்கதி.

இடம் மூன்று: கால்வாய் நுழையும் வாயில், நடு ஏரி, மதகுக்கு முன்னே உள்ள ஆழம். வாயிலில் கரடுமுரடான மணல் படிவதால் மருந்து குறைவாகத் தெரியும். நுண்ணிய களிமண்ணும் மக்கிய இலையும் மதகடியில்தான் சேரும், மருந்தும் அங்கே கூடும். சேற்றைக் கவ்வி அள்ளும் எக்மன் கிராப் இருந்தால் நல்லது. மேலே நிற்கும் நீரை மெல்லச் சாய்த்து, மேல் இரண்டு சென்டிமீட்டரை மட்டும் எஃகுக் கரண்டியால் எடுங்கள். பத்து சென்டிமீட்டர் ஆழம் வரை கலந்து எடுத்தால் இந்த வருடத்து மருந்தோடு பழைய வருடங்களின் சுத்தமான மண்ணைச் சேர்த்து நீர்க்கவைத்த மாதிரி ஆகும். எஃகுத் தட்டில் கலக்கி, 2 மில்லிமீட்டர் சல்லடையில் நத்தை ஓட்டையும் குச்சியையும் விலக்கி, 250 மில்லி வாயகன்ற கண்ணாடி ஜாடியில் முக்கால்வாசி நிரப்புங்கள். முழுதாக நிரப்பி ஃப்ரீசரில் வைத்தால் ஜாடி வெடிக்கும்.

கரிமக் கார்பன் அளவையும் கட்டாயம் கேளுங்கள். ஒரே அளவு பைரித்திராய்டு, மக்கு நிறைந்த சேற்றில் ஒட்டிக்கிடந்து பெரிதாகக் கெடுக்காது; மணல் சேற்றில் அதுவே புழுவைக் கொல்லும். கார்பன் அளவு இல்லாத சேற்று அறிக்கையை வைத்து இரண்டு ஏரிகளை ஒப்பிடவே முடியாது.

டி.டி.டி.யும் (DDT) கிடைக்கலாம். விவசாயத்தில் 1989இலேயே தடை, கொசு ஒழிப்புக்கு மட்டும் தொடர்ந்தது. கிடைத்தால் திடுக்கிடுவதற்கு முன் விகிதத்தைப் பாருங்கள். அது சிதைந்து பிறக்கும் DDE-யும் DDD-யும் (தமிழில் எழுதினால் DDT, DDD இரண்டும் ‘டி.டி.டி.’ ஆகிவிடும், அறிக்கையில் எழுத்துப்பிழை வருவது இங்கேதான்) தாய் மருந்தைவிட அதிகம் இருந்தால் பழைய பாவம். தாய் மருந்தே அதிகம் என்றால் அண்மையில் வந்தது. டைகோஃபால் என்ற சிலந்திக்கொல்லியில் DDT கலப்படமாக இருந்தது என்பதையும் மனதில் வைக்க வேண்டும். இந்தியாவில் அதற்குத் தடை வந்தது 2023இல்தான்.

வியாழன், மழை

நேற்று மாலை இடியோடு பெய்தது. இந்த வேலையில் மழை வந்த பிறகு புறப்படுவது வீண். வருவதற்கு முன்னே கருவி வைத்திருக்க வேண்டும். மருந்தடித்தபின் வரும் முதல் நல்ல மழையில் ராஜகாலுவே எனும் பெரிய மழைநீர்க் கால்வாயில் மருந்தளவு ஏறி, சில மணி நேரத்தில் இறங்கிவிடும். மாதத்துக்கு ஒரு முறை, அதுவும் வெயில் நாளில், பத்து மணிக்கு மேல் போய் எடுக்கும் மாதிரி இதைத் தவறவிடும். ‘கண்டறியப்படவில்லை’ என்று அடுக்கடுக்காக வரும் அறிக்கைகளில் பல அப்படிப் பிறந்தவை.

மலிவான கருவி ஒன்று உண்டு. ஒரு லிட்டர் கண்ணாடி பாட்டிலுக்கு இரண்டு துளை போட்ட அடைப்பான். ஒரு துளையில் நீர் நுழைய வளைந்த எஃகுக் குழாய், 6 மில்லிமீட்டர் உள்விட்டம். மற்றதில் காற்று வெளியேற இன்னும் உயரமாக எழும் குழாய். கால்வாயில் ஆங்கிள் இரும்பை அறைந்து, இப்போது ஓடும் மட்டத்துக்கு 10, 25, 40 சென்டிமீட்டர் மேலே மூன்று பாட்டில்களைக் கட்டுங்கள். வெள்ளம் ஏறும்போது ஒவ்வொன்றாக நிரம்பி, தானே நின்றுவிடும். ஏறும் வெள்ளத்தின் மாதிரி கிடைத்துவிடும், இறங்கும் வெள்ளம் கலக்காது. 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிட வேண்டும். காற்றுக் குழாய் குட்டையாக இருந்தால் நீர் பாட்டிலுக்குள் சுற்றிச் சுற்றி ஓடி, துகள் மட்டும் தங்கி, அளவு பொய்யாகக் கூடும். குப்பை அடைப்பதும் நடக்கும். பெங்களூர்க் கால்வாயில் பால் கவர் அடைக்காத குழாய் கிடையாது. முன்னால் கோழிவலை கட்டிவிடுங்கள்.

செம்மண் கரைந்து ஓடும் நீரில் குளோர்பைரிபாஸ் மண்துகளின் முதுகில் ஏறிவரும். இமிடாகுளோபிரிட் கரைந்து வரும். வயலுக்கும் கால்வாய்க்கும் இடையே பத்து மீட்டர் புல்லோ வெட்டிவேரோ விட்டால் முதலாவது நன்றாகக் குறையும், இரண்டாவது அவ்வளவாகக் குறையாது. நீர் பரவலாக வந்தால்தான் புல்லுக்கும் வேலை. வரப்பு உடைந்து ஒரே ஓடையாகப் பாய்ந்தால் பத்து மீட்டரை அரை நிமிடத்தில் தாண்டிப் போய்விடும்.

வெள்ளி, வர்த்தூர், முகளூர்

நுரைக்குப் பேர்போன இடம். நுரைக்குக் காரணம் சோப்பும் கழிவுநீரும். மருந்து நுரைக்காது. ஆனால் நகரம் மருந்தே அனுப்பாது என்று நினைத்துவிடாதீர்கள். விவசாயியை மட்டும் கூண்டில் ஏற்றுகிறவர்களுக்காக ஒரு கணக்கு.

வீடு கட்டும்போது கரையானுக்கு மண்ணில் மருந்து ஊற்றுகிறார்கள். ஐ.எஸ். 6313 என்ற இந்தியத் தர விதிமுறைப்படி குளோர்பைரிபாஸ் ஒரு சதக் கலவை, அடித்தள மண்ணின் மேல் சதுர மீட்டருக்கு 5 லிட்டர். பெங்களூரின் 30-க்கு-40 சைட் 111 சதுர மீட்டர். அதற்கு 550 லிட்டருக்கு மேல் கலவை, அதனுள் ஐந்தரைக் கிலோ மருந்து. லிட்டருக்கு 2.5 மில்லி, ஏக்கருக்கு 200 லிட்டர் என்று அடிக்கும் விவசாயி ஒரு முறைக்கு ஊற்றுவது 100 கிராம். ஒரு சைட், 55 ஏக்கர் வயலுக்குச் சமம். காங்கிரீட் போட்டபின் அது உள்ளேயே கிடக்கும் என்பது நியாயம். காங்கிரீட்டுக்கு முந்தின இரவு மழை பெய்தால் அந்த நியாயம் ராஜகாலுவேயில் போகும். மழையிலும் ஈரமண்ணிலும் ஊற்றக்கூடாது என்று அந்த விதிமுறையிலேயே இருக்கிறது. இப்போது இமிடாகுளோபிரிட், பைஃபென்த்ரின் என்று மாறியிருக்கிறார்கள். நீர்ப்பூச்சிகளுக்கு அவையும் சொந்தக்காரர்கள் இல்லை.

ஆகாயத்தாமரைக்குக் களைக்கொல்லி அடிக்கும் யோசனை அவ்வப்போது எழும். செடி செத்து மூழ்கி அழுகும்போது உள்ள ஆக்சிஜனையும் தின்றுவிடும். வாரி வெளியே போடுவதுதான் சரி.

மீன் செத்து மிதந்தால் எல்லோரும் முதலில் ‘விஷம்’ என்பார்கள். 2016 மார்ச்சில் அல்சூர் ஏரியில் ஆயிரக்கணக்கில் மிதந்தபோதும் அந்தப் பேச்சு வந்தது; காரணமாகச் சொல்லப்பட்டது ஆக்சிஜன் குறைவு. பிரித்தறியச் சில அடையாளங்கள் உண்டு. ஆக்சிஜன் சாவு விடியற்காலையில் நடக்கும். மீன்கள் மேலே வந்து வாய் பிளக்கும், பெரியவை முதலில் சாகும், காற்றைச் சுவாசிக்கும் விராலும் கெளுத்தியும் தப்பிக்கும். பூச்சிக்கொல்லிச் சாவுக்கு நேரம் காலம் இல்லை. குஞ்சும் கிழமும் சேர்ந்து சாகும், விராலுக்கும் விலக்கில்லை. பாசி பச்சையாகவே இருக்க, நீர்த்தெள்ளும் பூச்சிகளும் காணாமல் போயிருக்கும். குளோர்பைரிபாஸ், மாலத்தியான் போன்ற ஆர்கனோபாஸ்பேட் என்றால் மார்புத் துடுப்புகள் முன்பக்கம் விறைத்து நிற்கும். சந்தேகம் வந்தால் சாகும் தறுவாயிலுள்ள மீனையே எடுத்து, ஃபாயிலில் சுற்றி, உடனே ஐஸில் புதைத்து, அன்றே உறையவையுங்கள். மூளையில் கோலினெஸ்டரேஸ் நொதியின் வேகத்தை, சுத்தமான ஏரியின் அதே இன மீனோடு ஒப்பிட வேண்டும். கரையில் ஊதிக் கிடக்கும் மீனால் ஒரு பயனும் இல்லை.

முகளூர்ப் பாலத்தடியில் ஆறு கறுப்பு. இங்கே பூச்சி வலையை வீசி ‘மே ஈ இளம்புழு இல்லை, ஆகவே பூச்சிக்கொல்லி’ என்று எழுதுவது தவறு. சுத்தமான நீரை விரும்பும் பூச்சி அது, சாக்கடையே அவற்றை விரட்டியிருக்கும். 500 மைக்ரான் வலை, வெள்ளைத் தட்டு, மூன்று வாலுள்ள இளம்புழுவைத் தேடுவது எல்லாம் ஹொசகோட்டேக்கு மேலே, விடியற்காலை ஆக்சிஜன் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்குக் குறையாத இடத்தில்தான் பொருள் தரும். ஆக்சிஜன் இருந்தும் மே ஈ இல்லை, நத்தை போன்ற பூச்சியல்லாதவை மட்டும் கொழிக்கின்றன என்றால் மருந்துமேல் சந்தேகப்படலாம்.

சனி, ஆய்வுக்கூடத்து மேசை

சேற்றைப் பிரித்தெடுக்க இப்போது பெரும்பாலும் 2003இல் வந்த கெட்சர்ஸ் முறை. பத்து கிராம் மாதிரி, பத்து மில்லி அசிட்டோநைட்ரைல், நான்கு கிராம் மெக்னீசியம் சல்பேட், ஒரு கிராம் உப்பு, ஒரு நிமிடக் குலுக்கல், சென்ட்ரிபியூஜ். காய்கறிக்காகப் பிறந்த முறை இது. ஏரிச் சேற்றில் கந்தகம் இருக்கும். அது மருந்துகளைப் பிரித்துக் காட்டும் ஜி.சி. கருவியின் வரைபடத்தில் பெரிய மேடாக எழுந்து சிலவற்றை மறைத்துவிடும். செம்புத் தூளோடு குலுக்கிக் கந்தகத்தை எடுத்தார்களா என்று கேளுங்கள். முழிப்பார்கள் என்றால் வேறு இடம் பாருங்கள்.

தண்ணீரை வடிகட்டி, வடிந்ததை மட்டும் சோதித்தார்களா? வடிதாளில் மாட்டிய துகளைக் குப்பையில் போட்டால் பைரித்திராய்டும் குப்பையில். முழு நீர் என்று விண்ணப்பத்தில் எழுதவேண்டும்.

அறிக்கையில் பலர் பார்க்காத பத்தி ‘கண்டறியும் குறைந்தபட்ச அளவு’. குளோர்பைரிபாஸ் ‘இல்லை, 1 மைக்ரோகிராமுக்குக் கீழ்’ என்று வந்தால் திங்கட்கிழமைக் கணக்கை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள்: 0.1 போதும். ‘இல்லை’ என்ற அந்தச் சொல்லுக்குள் பத்து மடங்கு விஷம் ஒளிந்திருக்க இடமிருக்கிறது.

அடுத்து அளவுகோல். நம் ஊர் அறிக்கைகளின் கடைசிப் பத்தியில் ஐ.எஸ். 10500 இருக்கும். 2012ஆம் ஆண்டுக் குடிநீர் விதி. அதில் குளோர்பைரிபாஸுக்கு லிட்டருக்கு 30 மைக்ரோகிராம், மாலத்தியானுக்கு 190, அட்ரசினுக்கு 2. அமெரிக்கச் சுற்றுச்சூழல் முகமை நன்னீர் உயிர்களுக்காக வைத்த நீண்டகால வரம்பு குளோர்பைரிபாஸுக்கு 0.041. இரண்டுக்கும் 700 மடங்குக்கு மேல் இடைவெளி. மனிதன் குடிக்கலாம் என்று முத்திரை குத்திய தண்ணீரில் நீர்த்தெள்ளு ஒரு நாள் தாங்காது. அந்தப் பட்டியலில் உள்ள பெயர்களே பழைய காலத்தவை. இமிடாகுளோபிரிட் இல்லை, ஒரு பைரித்திராய்டுகூட இல்லை. கடைக்காரர் சொன்ன பட்டியலைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘ஐ.எஸ். 10500 படி’ என்று மட்டும் எழுதிக் கொடுத்தால், பெரும்பாலும் இன்று யாரும் அடிக்காததைத் தேடி இல்லை என்று சொல்வார்கள். அதற்கும் ஜி.எஸ்.டி. உண்டு.

உயிர்ச்சோதனையும் செய்யலாம். ஓ.இ.சி.டி. 202 என்ற சர்வதேசச் சோதனை முறையில், பிறந்து 24 மணி நேரம் ஆகாத நீர்த்தெள்ளு இருபது, ஐந்து ஐந்தாக நான்கு குவளை, 48 மணி நேரம், எத்தனை நகரவில்லை என்று எண்ணுவது. குளோர்பைரிபாஸுக்கும் பைரித்திராய்டுக்கும் அருமையான சோதனை. இமிடாகுளோபிரிட்டுக்கு உதவாது. நீர்த்தெள்ளு அதை மில்லிகிராம் கணக்கில் தாங்கும், மே ஈயோ மைக்ரோகிராமிலேயே விழும். இமிடாகுளோபிரிட் சந்தேகம் இருந்தால் சேற்றில் வாழும் சிவப்பு இளம்புழுவான ரத்தப்புழுவை வைத்துச் சோதியுங்கள்.

ஞாயிறு, ஆனேக்கல்

பாதை சற்று விலகித் தெற்கே. பூப்பண்ணைகள், வேலை செய்கிறவர்கள் பலர் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்தவர்கள். “கேனை எங்க அலசறது அக்கா?” என்றால், “பைப்பு இருக்கற எடத்துலதான். வேற எங்க தண்ணி இருக்குது?” என்று கேள்வியே திரும்பி வருகிறது. சரியான பதில். பைப்பின் தண்ணீர் எங்கே வடிகிறது என்பதுதான் பார்க்க வேண்டியது. ஐரோப்பாவில் பல நீர்ப்பிடிப்புகளில் ஆற்றுக்கு வந்த மருந்தில் பாதிக்கும் மேல் இப்படிக் கலக்கும், கழுவும் களத்திலிருந்து வந்தது.

காலி டப்பாவை மூன்று முறை அலசி, ஒவ்வொரு முறையும் கால் பங்கு நீர், அரை நிமிடக் குலுக்கல், அந்த நீரைத் தெளிப்பானிலேயே ஊற்ற வேண்டும். பிறகு டப்பாவில் ஓட்டை போடுங்கள், இல்லாவிட்டால் மோர் கொண்டுவர அது மறுபடி வரும்.

கழுவும் இடத்துக்கு உயிர்ப்படுக்கை. ஸ்வீடனில் 1990களின் தொடக்கத்தில் வந்தது: 60 சென்டிமீட்டர் ஆழக் குழி, அடியில் களிமண், மேலே வைக்கோல் பாதி, கரிமக்கூளம் (பீட் எனும் பாதி மக்கிய சதுப்புக் கூளம்) கால், மேல்மண் கால், எல்லாம் கன அளவில். அதன் மேல் புல். வைக்கோலைத் தின்னும் வெள்ளை அழுகல் பூஞ்சையின் நொதிகள் மருந்தையும் உடைக்கும். நமக்குக் கரிமக்கூளத்துக்குப் பதில் தென்னை நார்க்கழிவு, உப்பு போக இரண்டு முறை அலசியது. களிமண்ணை நம்பாமல் தடித்த தார்ப்பாய் விரியுங்கள். கலவையை மூடிவைத்து ஒரு மாதம் ஊறவிட்டபின் குழியில் நிரப்புங்கள். மேலே தகரக் கூரை கட்டாயம். பெங்களூர் மழையில் கூரை இல்லாத படுக்கை தொட்டியாகிவிடும். சதுர மீட்டருக்கு நாளொன்றுக்கு இரண்டு மூன்று லிட்டர் கழுவுநீருக்கு மேல் ஊற்றினாலும் அப்படியே. காற்றில்லாத இடத்தில் அந்தப் பூஞ்சை வேலை செய்யாது. நல்லது செய்வதாக நினைத்து எரு போடுகிறார்கள். போடக்கூடாது. தழைச்சத்து கூடினால் பூஞ்சை அந்த நொதியைச் சுரப்பது குறையும்.

கையில் அள்ளிப் பிழிந்தால் ஓரிரு துளி சொட்டும் ஈரம் போதும். வருடா வருடம் கலவை இறங்கும், வைக்கோல் கூடுதலாகச் சேர்த்து நிரப்புங்கள். ஐந்திலிருந்து எட்டு வருடத்தில் முழுதாக மாற்றவேண்டும். எடுத்ததை ஒரு வருடம் மூடி மக்கவிட்டு, கால்வாயிலிருந்து தள்ளி உள்ள பாத்தியில் பரப்பலாம்.

திராட்சைக்காரர்கள் இதே படுக்கையைக் கட்டும்போது போர்டோ கழுவுநீரை இதில் ஊற்றக்கூடாது. செம்பை எந்தப் பூஞ்சையும் உடைக்காது, பூஞ்சைதான் சாகும். போர்டோ கழுவுநீருக்கு ஒரே வழி, அன்று அடித்த பந்தலின் கடைசி வரிசையில் அதையும் அடித்துவிடுவது.